ஹயதோராவின் நான்காவது பலவீனம்

சிமெண்ட் வேகன்கள் வராத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், குட்ஷெட் வாசலில் இருக்கும் மரியபுஷ்பத்தின் டீக்கடையில் கேபிள் போய், டிவி திரை கொஞ்ச நேரம் வெறும் நீலமாக நின்று, பிறகு கேபிள் திரும்பி வந்தபோது, மலைகளைக் கையால் பிளக்கும் கார்ட்டூன் வீரன் ஹயதோரா திரைக்குள் இல்லை, கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் நிற்க வேண்டிய இடத்தில் பாறைகளும் புகையும் மட்டும் இருந்தன. அவனோடு சண்டை போட வந்திருந்த ஆள் யாரைக் குத்துவது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த லோடுமேன்கள், பஸ்ஸில் புதிதாக ஏறியவனுக்கு இடம் விடுவதுபோல ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள்.

அவன் உடம்பைச் சுற்றிப் பேனாவால் இழுத்தது மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருந்தது. செம்பட்டை முடி மேல் நோக்கி நின்றது, தண்டவாளத்தின் மேலே வீசுகிற காற்றுக்கு அது அசையவே இல்லை. கண்கள் டம்ளர் வாய் அகலம். அவன் பேசியது டிவியில் கேட்கிற அதே தமிழ்தான், ஆனால் அவன் வாய் வேறொரு மொழிக்காக வரையப்பட்டிருந்ததால், சொற்கள் முடிந்த பிறகும் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன.

"டீயா, காப்பியா?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

"நான் ஓய மாட்டேன்! என் கிராமத்தை எரித்த கருங்கவசனைக் கண்டுபிடிக்கும்வரை இந்தக் கைகள் ஓயாது!"

"சீனி தூக்கலாப் போடுங்க மதினி," என்றார் லோடுமேன் சங்கத்து மேஸ்திரி கொண்டல்சாமி. "பிள்ளை ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கான்."

வர வேண்டிய தண்ணீர் லாரி வராமலும், வர வேண்டாதவர்கள் எல்லாம் வந்துபோயும் பழகிய ஊர் அது. அவன் எப்படி வந்தான் என்று கேட்டவர்கள் குறைவு, கேட்டவர்களும் டீ ஆறுவதற்குள் மறந்துவிட்டார்கள். அவன் எந்தப் பேட்ஜில் வேலை செய்வான் என்பதுதான் அன்று சாயங்காலம்வரை வேப்பமரத்தடியில் நடந்த பேச்சு. குட்ஷெட்டில் பேட்ஜ் இல்லாதவன் மூட்டையைத் தொடக் கூடாது. இறக்குகிற கூலி எல்லாப் பேட்ஜுக்கும் சமமாகப் பிரியும். ஒரு பேட்ஜ் ஒரு வருஷம் ஆளில்லாமல் கிடந்தால் சங்கம் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். மரியபுஷ்பத்தின் புருஷன் சவரிமுத்து மூட்டைக்கு அடியில் விழுந்து முதுகெலும்பு நசுங்கி, டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துவிட்டான். அவனுடைய பேட்ஜ் கைவிட்டுப் போக இன்னும் சில வாரங்களே இருந்தன, அது போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிய டீக்கடை மட்டும் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எங்க வீட்டுப் பேட்ஜுல எறங்கட்டும் அண்ணாச்சி," என்றாள் மரியபுஷ்பம்.

"ஆளு வெறும் படமால்ல இருக்கான்?"

"படந்தான். மலையைத் தூக்குற படம்."

"மலை வேற, சிமெண்ட் வேற மதினி. மலை ஒழுகாது," என்றார் கொண்டல்சாமி. எல்லோரும் சிரித்தார்கள், ஹயதோராவும் எதற்கென்று தெரியாமல் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து சிரித்தான், அந்தச் சிரிப்பில் கடையின் தகரக் கூரை அதிர்ந்தது. அதோடு விஷயம் முடிந்தது.

அடுத்த சரக்கு வண்டி வந்த அன்று அவனுக்கு நீலச் சட்டை போட்டுவிட்டார்கள், அது அவன் மேல் வண்ணம் அடித்ததுபோல மடிப்பே விழாமல் ஒட்டிக்கொண்டது. அவன் முதல் வேகனுக்கு முன்னால் காலை அகட்டி நின்று, "மலைபிளவுப் பிடி!" என்று கத்தினான். இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, வேகனில் இருந்த மூட்டைகளைப் பாதிக்குப் பாதியாக ஒரே அணைப்பில் தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் நடந்தான். லோடுமேன்கள் தலையில் சுற்றிய துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். பொழுது சாய்கிறவரை ஆகிற வேலை, உச்சிவெயில் ஏறுவதற்குள் முடிந்தது. கூலியைச் சமமாகப் பிரித்தார்கள், சவரிமுத்துவின் பங்கைக் கொண்டல்சாமியே லைன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்துவிட்டு வந்தார். ஹயதோரா என்று சொல்ல வாய் வராததால் அன்றிலிருந்து அவன் ஐயாத்துரை ஆனான்.

மரியபுஷ்பம் மட்டும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டாள். கூட்டமில்லாத பிற்பகல்களில் பால் காய்கிற நேரமெல்லாம் அவள் டிவியில் பார்த்தது அவனைத்தான். அவன் எந்த மலையில் யாரிடம் அடிவாங்கினான், எந்தக் காயம் எந்தத் தோளில், எதைக் கண்டால் அவன் கை தளரும் என்பதெல்லாம் கூடப்பிறந்தவனைப் பற்றித் தெரிவதுபோல அவளுக்குத் தெரியும். அந்தக் கதையில் அவனை அடிக்க வருகிற ஒவ்வொருவனும் அடிப்பதற்கு முன்னால் அவனுடைய பலவீனம் ஒன்றை நீட்டி முழக்கிச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பான். மொத்தம் நான்கு பலவீனங்கள். நான்கும் அவளுக்கு மனப்பாடம்.

முதலாவதை அவள் வாய்விட்டது அவன் மேல் இருந்த இரக்கத்தால்தான். லோடுமேன்களில் இளையவனான பால்துரை, விளையாட்டாக, "இந்த லாரியை உன்னால தூக்க முடியாதுல்ல ஐயாத்துரை?" என்று கேட்க, சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றை விட்டு எழுந்து லாரியைத் தூக்கி நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான்.

"முடியாதுன்னு அவன்கிட்ட சொல்லாதீங்கடா," என்றாள் மரியபுஷ்பம். "அந்த வார்த்தையைக் கேட்டா அவனால சும்மா இருக்க முடியாது. பசியா இருந்தாலும் எந்திரிச்சுப் போயிருவான். பாவம்டா."

பாவம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் லைன் வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். கேஸ் சிலிண்டரை மாடிக்குக் கொண்டுபோக உன்னால முடியாதுல்ல தம்பி? தூர்ந்துபோன கிணற்றுக்குள் கிடக்கும் பாறையை எடுக்க உன்னால முடியாதுல்ல? தேர்ச்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டதென்று கோவில்காரர்கள் வந்து கும்பிட்டுக்கொண்டே முடியாதுல்ல என்றார்கள், மாதா கோவிலின் வெண்கல மணியை மேலே ஏற்ற வேண்டுமென்று உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு முடியாதுல்ல என்றார். அந்த ஊரில் ஒருவரும் அவனை ஒரு வேலை செய் என்று சொன்னதே இல்லை, அதைப் பிற்பாடு எல்லோரும் நியாயமாக எடுத்துச் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாவது பலவீனம் அவன் தொண்டை. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரை உரக்கச் சொல்லாமல் அவனால் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்க முடியாது. சிமெண்ட் தூசி முதலில் தொண்டையைத்தான் தின்னும் என்பது குட்ஷெட்டில் எல்லோருக்கும் அனுபவம். அவன் குரல் கரகரக்கத் தொடங்கியபோது மரியபுஷ்பம் கொண்டல்சாமியிடம் போனாள்.

"அண்ணாச்சி, சத்தம் போச்சுன்னா அவன் பலம் போச்சு. மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டத் துணி குடுங்க. ரெண்டு வண்டிக்கு ஒரு வண்டி ஓய்வு குடுங்க."

"வாயைக் கட்டினா எப்படி மதினி கத்துவான்?" என்றார் கொண்டல்சாமி. அவர் கெட்டவர் இல்லை, உண்மையிலேயே யோசித்தார். "நீங்க மிளகுப்பால் குடுங்க. செலவைச் சங்கம் பாத்துக்கிடும்."

அவள் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள், அவன் அதைக் குடித்துவிட்டு இன்னும் உரக்கக் கத்தினான்.

மாதங்கள் போயின. லோடுமேன்களின் பிடரியில் காய்த்திருந்த தோல் குழந்தைத் தோல்போல இளகியது. சிலருக்குத் தொப்பை வைத்தது. இருமல் நின்ற வீடுகளில் ராத்திரித் தூக்கம் வந்தது, பால்துரைக்குப் பெண் கொடுத்தார்கள். இதில் எதையும் தப்பென்று யாரால் சொல்ல முடியும்? தலைமுறையாகச் சுமந்தவர்கள் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். சவரிமுத்து மட்டும் ஜன்னல் வழியாக ஐயாத்துரை நடப்பதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான், தன் பேட்ஜ் அந்த நீலச் சட்டையில் வெயில்பட்டு மின்னும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஒருநாள் ஐயாத்துரை பாதி வண்டியில் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டுத் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டான். முடியாதுல்ல என்று சொல்லிப் பார்த்தார்கள். எழுந்தான், கத்தினான், கை ஏறவில்லை. திரும்ப உட்கார்ந்தான்.

"என்ன மதினி ஆச்சு இவனுக்கு?"

"அவன் பலமெல்லாம் கோவத்துல இருக்கு அண்ணாச்சி. எதிரி வேணும். இங்க யாரு மேல கோவப்படுவான்? விட்டுருங்க. கொஞ்ச நாள் கடையில உக்காந்து டிவி பாக்கட்டும்."

விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் மூன்றாவதையும் சொன்னாள். கொண்டல்சாமி அவன் அருகில் போய்க் குந்தி, தோளில் கைபோட்டு, காதோடு சொன்னார்: "கருங்கவசன் இங்கதான் இருக்கான் ஐயாத்துரை. கடைசி வேகன்ல, அடி மூட்டைக்குக் கீழ ஒளிஞ்சு கிடக்கான். நான் பாத்தேன்."

அவன் கண்களில் இருந்த வெளிச்சப் புள்ளி பெரிதாயிற்று. அன்றைக்கு அவன் வேகன்களை ஒவ்வொன்றாகக் காலிசெய்த வேகத்தில் தூசி மேகம் ஸ்டேஷன் வரைக்கும் போனது. கடைசி வேகனின் அடி மூட்டையைத் தூக்கியபோது அங்கே துருப்பிடித்த தகடு மட்டும் இருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தப்பிச்சுட்டான்," என்றார் கொண்டல்சாமி வருத்தமாக. "அடுத்த வண்டியில வருவான்."

அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. வண்டி வந்து நின்றதும் பால்துரை கரித்துண்டால் வேகன் கதவுகளில் கொம்பு வைத்த முகம் வரைவான், மீசையைச் சில நாள் ஒதுக்கியும் சில நாள் முறுக்கியும் போடுவான். வேப்பமரத்தடியில் இருந்து மற்றவர்கள், "அந்தா ஓடுறான், பிடி ஐயாத்துரை!" என்று சத்தம் கொடுப்பார்கள். சிலர் உண்மையாகவே எட்டிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதில் லைன் வீடுகளில் கருங்கவசன் மேல் ஒரு பயம் வந்திருந்தது, சாயங்காலமானால் வேகன் பக்கம் போகாதீர்கள் என்று பெண்கள் பிள்ளைகளை அதட்டினார்கள்.

ஒரு பிற்பகல், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, ஐயாத்துரை மிளகுப்பாலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டான். குரல் சாக்கை இழுப்பதுபோல வந்தது.

"புஷ்பம், உன்னிடம் ஒன்று கேட்கலாமா? கருங்கவசன் அந்தப் பெட்டிகளில் உண்மையிலேயே இருக்கிறானா?"

சொற்கள் முடிந்த பிறகும் அவன் உதடுகள் கேட்டுக்கொண்டே இருந்தன. பின்னால் லைன் வீட்டில் சவரிமுத்து கட்டிலில் புரளுகிற சத்தம் வந்தது. மரியபுஷ்பம் அடுப்பைக் குறைத்தாள்.

"இருக்கான் தம்பி," என்றாள்.

அவன் நம்பினான். அவள் சொன்னால் நம்புவான் என்று அவளுக்குத் தெரியும். நான்காவது பலவீனத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று அன்றைக்கு அவள் முடிவுசெய்துகொண்டாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

மழைக்கு முன்னால் வந்த பெரிய வண்டி அவனைச் சாய்த்தது. ஈரம் படுவதற்குள் இறக்க வேண்டும் என்று விடியலிலேயே ஆரம்பித்தார்கள். உச்சிவெயிலில், கடைசிக்கு இரண்டு வேகன் இருக்கும்போது, அவன் பாதி வேகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. இத்தனை நாளும் சொற்கள் முடிந்த பிறகு அசைந்த உதடுகள் இப்போது சொற்களே இல்லாமல் அசைந்தன. மூட்டைகள் அவன் மேல் சரிந்தன. தூசி அடங்கியபோது, வேகனுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தான்.

குட்ஷெட்டில் ஒருவன் விழுந்தால் முதலில் மூட்டையை அகற்றுவார்கள், பிறகு எல்லோரும் சுற்றி நின்று அவனைக் கூப்பிடுவார்கள். வண்டி காலியாவதற்குள் எழுந்துவிட்டால் பேட்ஜ் அவனோடது, எழாவிட்டால் அதற்கு ஒரு வருஷக் கெடு, அதே பேட்ஜில் இரண்டாவது ஆளும் எழாவிட்டால் அது அப்போதே சங்கத்துக்குத் திரும்பும். யார் வைத்த சட்டம் என்று தெரியாது, ஆனால் இதுவரை யாரும் மீறியதில்லை. இளகிப்போன கைகளால் அவர்கள் மூட்டைகளைத் தள்ளவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு கூப்பிட்டார்கள். ஐயாத்துரை, எந்திரி. முடியாதுல்ல, எந்திரிக்க உன்னால முடியாதுல்ல. அந்தா கருங்கவசன் ஓடுறான் பாரு. அவன் அசையவில்லை, அவன் உடம்பைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடு கால் பக்கத்தில் மங்கத் தொடங்கியது.

கொண்டல்சாமி டீக்கடைக்கு ஓடிவந்தார். "மதினி, அந்தக் கதையில விழுந்தா எப்படி எந்திரிப்பான்? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க மதினி, உங்க வீட்டுப் பேட்ஜ் அது."

அவர் பேட்ஜ் என்று சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா என்று அவள் பின்னால் பலமுறை யோசித்தாள். சொல்லிவிட்டாள். கதையில் ஒருமுறை அவன் பனிக்காட்டில் விழுந்து கிடந்தான். நண்பர்கள் கூப்பிட்டார்கள், நகரத்து ஜனமே கூப்பிட்டது, எழவில்லை. அவன் யாரென்றே தெரியாத ஒரு விறகு வியாபாரி அந்த வழியாக வந்து, யாரப்பா அது, குளிரில் கிடக்கிறாயே, எழுந்து வா என்றான். உடனே எழுந்துவிட்டான்.

"கூப்பிடுறவங்களுக்கு அவன்கிட்ட இருந்து ஒண்ணும் வேண்டியிருக்கக் கூடாது அண்ணாச்சி. அவன் எந்திரிக்கணும்னு மட்டும் நெனச்சுக் கூப்பிடணும். அதுதான் நாலாவது."

"இவ்வளவுதானா?" என்றார் கொண்டல்சாமி.

வரிசையாக முயன்றார்கள். ஒவ்வொருவனும் கண்ணை மூடி, மனதில் இருப்பதையெல்லாம் பாத்திரத்தைக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்துவிட்டு, ஐயாத்துரை என்றான். ஒன்றும் நடக்கவில்லை. பால்துரை மட்டும் முட்டிபோட்டு உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா, நீ சும்மா எந்திரிச்சு உக்காரு, போதும்," என்றான், அவன் குரல் உடைந்திருந்தது. ஐயாத்துரையின் சுண்டுவிரல் அசைந்தது. கூட்டம் ஆவென்றது. பால்துரை மகிழ்ச்சியில், "இன்னும் ரெண்டே வேகன்தான் பாக்கி," என்றான். விரல் நின்றுவிட்டது.

"போடா கூறுகெட்டவனே!" என்று அவன் முதுகில் நாலு பேர் அடித்தார்கள்.

பிறகு எல்லோரும் கடை வாசலில் நின்ற மரியபுஷ்பத்தைப் பார்த்தார்கள். வழி விட்டார்கள். அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சிமெண்ட் படிந்த அந்த முகத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு கோடு இல்லை. அவன் கண் லேசாகத் திறந்தது. அவள் கூப்பிடப் போகிறாள் என்று காத்திருப்பது தெரிந்தது. ஸ்டேஷனுக்கு அப்பால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறந்தாள், தம்பி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கூப்பிட்டால் எழுந்துவிடுவான். எழுந்தால் இரண்டு வேகன். அது முடிந்தால் அடுத்த வண்டி, அதற்கும் அடுத்த வண்டி, கதவில் கரியால் போட்ட முகங்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் நெற்றியில் இருந்த தூசியை விரலால் வழித்துவிட்டு எழுந்து கடைக்கு நடந்தாள்.

"கூப்பிடுங்க மதினி! ஒரு வார்த்தை மதினி!" என்ற சத்தம் பின்னாலேயே வந்தது, கொஞ்ச நேரத்தில் அது வசவாக மாறியது, அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஐயாத்துரை சுவரொட்டி ஊறுவதுபோல ஊறி, சிவப்பும் நீலமும் தண்டவாளக் கற்களுக்கு இடையில் ஓடி, கடைசியில் கறுப்புக் கோடு மட்டும் கொஞ்ச நேரம் கிடந்து அதுவும் போயிற்று. இறக்காத இரண்டு வேகன் மூட்டையும் கல்லாகிப் போயின. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு இறங்கிய லோடுமேன்கள் பத்து நடைக்கு மேல் முடியாமல் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே கம்பெனிக்காரர்கள் மூட்டைகளை இழுத்துப்போகிற பெல்ட் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு பொம்பளை வாய் திறக்காததால் குட்ஷெட்டே போயிற்று என்று ஊரில் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள்.

ஐயாத்துரை கரைந்துபோன அன்று சாயங்காலம் மழை விட்ட பிறகு அவள் கஞ்சி கொண்டுபோனபோது சவரிமுத்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் பாத்தேன். மேஸ்திரிகிட்ட நீ நாலாவதைச் சொன்னதும் காதுல விழுந்துச்சு," என்றான். "ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பான்."

"எந்திரிச்சா?"

"திரும்பவும் தூக்க விட்டிருப்பாங்க. போதும்னு தோணுச்சு."

அவன் கஞ்சியைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை. "சரி, நீ கூப்பிட்டும் எந்திரிக்காம கிடந்திருந்தா?"

அவள் தூசியை வழித்த விரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் விழுந்த அன்னைக்கு எல்லாரும் கூப்பிட்டாங்க," என்றான் சவரிமுத்து. குரலில் கோபம் இல்லை. "நீ ஓடியாந்து தலைமாட்டுல உக்காந்து, தொண்டை கிழியக் கூப்பிட்ட. எனக்கு மயக்கமெல்லாம் இல்ல புஷ்பம். நல்லாக் கேட்டுச்சு."

அதற்குப் பிறகு அவள் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. கட்டிலோரத்தில் தட்டை வைக்கும்போது தரையில் கொஞ்சம் சத்தம் வரும்படி வைக்கிறாள்.